முழங்கால் வலி அம்மா கொடுத்த சீதனமா?

"எங்கம்மா அறுபது வயசுலேயே மாடிப்படி ஏற முடியாம உட்கார்ந்துட்டாங்க டாக்டர். எனக்கு இப்ப நாற்பத்தஞ்சு. குனிஞ்சு நிமிர்ந்தா முழங்கால்ல 'கடக்'குனு சத்தம் வருது. எனக்கும் அதே கதிதானா?"

இந்தக் கேள்வியைச் சந்திக்காத எலும்பு டாக்டர் இருக்கவே முடியாது. 'பரம்பரை' என்று சொல்கிறோமே, அது எங்கேதான் ஒளிந்திருக்கிறது?

நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். அதில் புரதம் தயாரிக்கும் குறிப்பு 2 சதவிகிதம்கூட இல்லை. மீதியில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் 'குப்பை' என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேடிக்கை பாருங்கள்... மூட்டுத் தேய்மானத்தோடு தொடர்புள்ள மாற்றங்களில் பெரும்பாலானவை புரதக் குறிப்பில் இல்லை. இந்த மீதிப் பகுதியில்தான் இருக்கின்றன!

வீட்டு ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. ரெகுலேட்டர்தான் இரண்டிலேயே நிற்கிறது. காற்று போதவில்லை. அதே கதைதான் இங்கேயும்.

ஜி.டி.எஃப்.5 என்று ஒரு ஜீன். தாயின் வயிற்றில் குழந்தைக்கு மூட்டுகள் உருவாக இது தேவை. பிறகு குருத்தெலும்பைப் பராமரிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. இந்த ஜீனின் ஆரம்பத்தில், புரதமாக மாறாத ஓர் இடத்தில், சிலருக்கு 'சி' என்ற எழுத்து, சிலருக்கு 'டி'. 'டி' இருந்தால் புரதம் குறைவாகத் தயாராகிறது. தரத்தில் குறையில்லை, அளவில்தான்! இப்படிப்பட்டவர்களுக்கு இடுப்பு, முழங்கால் தேய்மானம் அதிகம் என்று 2007-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

2017-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொன்று சொன்னார்கள். இதே ஜீனுக்குப் பக்கத்தில் எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு 'சுவிட்ச்' இருக்கிறதாம். அதில் ஏற்பட்ட மாற்றம் உயரத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து குளிர்ப் பிரதேசங்களுக்குப் போன மனிதர்களுக்கு அது அனுகூலமாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மூட்டு தேய்வது பிள்ளை குட்டி பெற்ற பிறகுதானே! அதனால் இயற்கை அதைக் களையெடுக்கவில்லை. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கோடிக்கணக்கானவர்களிடம் இந்த மாற்றம் இருக்கிறது.

சரி, அந்தப் பெண்மணிக்கு என்ன பதில்? ஒரு எழுத்து கூட்டுகிற ஆபத்து கொஞ்சம்தான். பல ஜீன்கள், வயது, பழைய அடி, உடல் எடை எல்லாம் சேர்ந்துதான் மூட்டைத் தேய்க்கின்றன. பணத்தைக் கொட்டி ஜீன் டெஸ்ட் எடுத்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கலாம்!

எடை விஷயம் வேறு. முழங்கால் தேய்மானம் உள்ள குண்டானவர்களிடம் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைவதாகச் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுக்குத் தாங்கல்.

வலியில்லாத 'கடக்' சத்தத்துக்குப் பொதுவாகப் பயப்பட வேண்டாம். ஆனால் மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ அது வேறு வகை மூட்டு நோயாக இருக்கலாம். பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.