லாச்சியில் இருப்பதெல்லாம் நம் காசல்ல



சென்ற மாதம் என் தங்கையின் மகன் கடைக்கு வந்தான். ஹார்ட்வெயார் கடையொன்றில் கணக்கெழுதுகிறான். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. "மாமா, வேலையை விட்டுவிட்டு பேக்கரி போடப் போகிறேன். சின்ன வயதிலிருந்தே அதுதான் என் ஆசை" என்றான். காசுக்கு என்ன வழி என்று கேட்டேன். மனைவியின் நகை, மிச்சத்துக்குக் கடன் என்றான்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசை இல்லாதவன் வியாபாரத்துக்கே வரமாட்டான். அதனால் என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

புடவைக் கடை நடத்தும் எனக்கு, பிள்ளைகளின் உடுப்புகளைச் சொந்தமாகத் தைத்து விற்க வேண்டும் என்பது நெடுநாள் கனவு. 2021 கடைசியில் எட்டு தையல் மெஷின்கள் வாங்கினேன். எந்தக் காசில்? அடுத்த நோன்புப் பெருநாள் சாமானுக்கென ஒதுக்கிய காசில். பெருநாள் சாமானை முன்திகதியிட்ட காசோலை கொடுத்துக் கடனுக்கு எடுத்தேன். விற்றுக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மெஷின்கள் சும்மா கிடந்தன. பெருநாள் உடுப்பு எடுக்க வேண்டிய சனம் கேஸ் வரிசையில் நின்றது. காசோலைத் திகதிகள் மட்டும் தவறாமல் வந்தன. மனைவியின் ஆறு வளையல்களையும் விற்றுத்தான் அவை திரும்பாமல் காத்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாட்டு நெருக்கடி எல்லோரையும் தாக்கியது. ஆனால் என் பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. 100 ரூபாவுக்கு ஒரு சட்டை விற்றால், 75 ரூபா சாமான் தந்தவருக்குரியது என்று வையுங்கள். கடை வாடகை, சம்பளம், மின்சாரத்துக்கு 15 போகும். மிஞ்சும் 10இல் முதல் உரிமை வீட்டுக்கு. அதற்கும் பிறகு மிஞ்சுவதே நம் கனவுக்கான காசு. நானோ லாச்சி நிறைந்திருப்பதைப் பார்த்து எல்லாம் என்னுடையது என்று நினைத்தேன்.

பேருவளை நளீம் ஹாஜியாரை நம் எல்லோருக்கும் தெரியும். சமூகத்தின் கல்விக்காகப் பெரிய கனவு கண்டவர். மாணிக்க வியாபாரத்தில் நன்றாகக் காலூன்றிய பின்னரே 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: "மகன், வேலையை விடாதே. வீட்டிலேயே செய்து வெள்ளி, சனி மட்டும் விற்றுப் பார். வேலைத்தள நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுக்காதே. காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று பார். அதன் கணக்கைத் தனிக் கொப்பியில் எழுது. ஆறு மாத வீட்டுச் செலவை ஒதுக்கி வை. எவ்வளவு நட்டம் வந்தால் நிறுத்துவாய் என்பதை இன்றே எழுதி மனைவியிடம் கொடு. நகையில் கை வைக்காதே."

முகம் வாடித்தான் போனான். ஆனால் போன வெள்ளிக்கிழமை முப்பது பணிஸ் விற்றதாக அழைத்துச் சொன்னான்.

நானும் கனவைக் கைவிடவில்லை. எட்டில் ஆறு மெஷின்களை விற்று, இரண்டை வீட்டுப் பின் அறையில் போட்டேன். இலாபத்தில் மிஞ்சியதை மட்டும் போட்டு, இன்று நான்காகியுள்ளது. அல்ஹம்துலில்லாஹ். வளையல்களில் இரண்டைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் நான்கு. ஐந்தாவது மெஷின் அதற்குப் பிறகுதான்.