பல் டொக்டரிடமும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்

கப்பல்துறையில் எங்கள் பெரியவர்கள் பலரிடம் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது. திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ கிண்ணியா வைத்தியசாலைக்கோ போகும்போது அதைப் பத்திரமாகக் கொண்டுபோவார்கள். பல் பிடுங்கப் போகிற அன்று மட்டும் அது வீட்டிலேயே கிடக்கும். "பல்லுக்குத்தானே போறம், பிரஷர் கொப்பி எதுக்கு சேர்?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விடையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரந்து, பல்லைக் கழுவி, புளிப்பைத் தணித்து, சூத்தை விழாமல் காப்பது அதுதான். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சில அலர்ஜிக் குளிசைகள், சிறுநீரைக் கூட்டும் குளிசைகள் ஆகியவை வாயை உலர்த்தும். இத்தகையோர் நோன்பு காலத்தில் இஃப்தாரிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பதும், சஹருக்குப் பின் பல் துலக்காமல் படுக்காதிருப்பதும் நல்லது.

அடுத்தது முரசு. தமிழ்நாட்டார் ஈறு என்பதை நாம் முரசு என்கிறோம். வலிப்புக்கான பெனிட்டொயின் முரசைத் தடிக்கச் செய்வது 1939இலேயே மருத்துவ ஏட்டில் பதிவாகியது. பிரஷருக்கான நிபெடிபின், அம்லோடிபின் ஆகியவையும் சிலருக்கு அவ்வாறு செய்யும். அழுக்குப் படிந்த பல்லில் இது கூடும். மருந்தை மாற்றலாமா என்பதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இழுவை பம்ப் பாவிப்பவர்களில் சிலருக்கு நாக்கில் வெண்படை பிடிக்கும். ஸ்டீரொய்ட் பம்பை இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். பிள்ளைகளின் பாணி மருந்திலும் சீனி இருக்கலாம். கொடுத்த பின் வாயைக் கழுவிவிட வேண்டும்.

உயிரோடு விளையாடும் விஷயம் இனித்தான். இருதய வருத்தக்காரர் சிலர், "இரத்தம் நிக்காது" என்று பயந்து, பல் பிடுங்க நாலு நாளைக்கு முன்பே அஸ்பிரினைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பல் பிடுங்கிய இடத்தில் கசியும் இரத்தத்தைப் பஞ்சுத்துணி வைத்து அழுத்தியும் தையல் போட்டும் பெரும்பாலும் நிறுத்தலாம். இருதயக் குழாயில் இரத்தம் கட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. குளோபிடோகிறல், வோபரின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வோபரின் என்றால் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேற் எடுத்த உம்மாமார், மூத்தம்மாமார், அதை நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். அந்த மருந்து எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். அரிதாக, பல் பிடுங்கிய பின் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

ஆகவே எந்தக் குளிசையையும் நாமாக நிறுத்த வேண்டாம். கொப்பியைக் கொண்டுபோய், கதிரையில் வாயைத் திறக்குமுன் டொக்டரிடம் கொடுங்கள். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.