பழைய தொழுநோயும் உங்கள் கண்ணும்

உங்கள் கிராமத்துக்கு நடமாடும் மருத்துவ முகாம் வரும்போது, கண் பார்க்கும் மேசையில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படலாம்: "எப்போதாவது தொழுநோய்க்கு மருந்து எடுத்தீர்களா?" பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. 2006இல் சம்பூரை விட்டு வெளியேறி, முகாம் முகாமாக இருந்து, இப்போதுதான் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கும் ஒருவர், என்றோ மாறிப்போன வருத்தத்தை எதற்காக மறுபடியும் வாயால் சொல்ல வேண்டும்? நியாயமான கேள்விதான். அதற்கான விளக்கம் இது.

தொழுநோய் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கண் பாதிக்கப்படுகிறது என்று கணக்கெடுப்பது பார்ப்பதற்கு இலேசான வேலை. ஆனால் விடை, யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும். மட்டக்களப்பு மாந்தீவு போன்ற பழைய தொழுநோய் வைத்தியசாலைகளில் நெடுங்காலம் இருந்த முதியவர்களை மட்டும் எண்ணினால் தொகை மிகக் கூடுதலாக வரும். இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் குறைவாக வரும். முதியவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு: பார்வை மங்கியது நோயாலா, எல்லோருக்கும் வயதோடு வருகிற கண்புரையாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். தொழுநோய் வந்தவர்கள் பார்வை இழப்பதற்கு இன்று முதன்மையான காரணம் கண்புரைதான். அதைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றலாம்.

இதைச் சரியாக அளப்பதற்கு ஒரே வழி, நோயாளரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பது. தமிழ்நாட்டில் வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தினர் அதைச் செய்தார்கள். கிருமி கூடிய வகைத் தொழுநோய்க்கு இரண்டு வருட மருந்தை முடித்த 278 பேரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதித்து, ஐந்து வருடம் கவனித்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவு இது: மருந்து முடிந்த பின் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 5.6 சதவீதமானோருக்குப் புதிதாகக் கண் கோளாறு வந்தது. 3.9 சதவீதமானோருக்கு வந்தது பார்வையையே கெடுக்கக்கூடிய கோளாறு.

மருந்து முடிந்த பின் என்பதைக் கவனியுங்கள். இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ குளிசை எடுத்ததும் கிருமி அழிந்துவிடும். உங்கள் பெயரும் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். அதன் பின் உங்கள் கண்ணுக்கு என்ன நடக்கிறது என்று அந்தப் பதிவேடு சொல்லாது. இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியும் தொலைந்திருந்தால், உங்கள் கண்ணைப் பற்றிய தகவல் உங்கள் வாயில் மட்டுமே இருக்கிறது.

கிருமி போன பிறகும் கண் ஏன் கெடுகிறது? இமையை மூடவைக்கும் நரம்பு பலவீனமானால் நித்திரையிலும் கண் முழுதாக மூடாது. கருவிழிக்கு உணர்ச்சி தரும் நரம்பு கெட்டால் தூசு விழுந்தாலும் உறுத்தாது, புண் வந்தாலும் நோகாது. காடு வெட்டுகிற, கிணறு துப்புரவாக்குகிற, கொட்டில் போடுகிற இந்த நாட்களில் இது சிறிய விடயமல்ல. மூன்றாவது, கண்ணுக்குள்ளே வரும் அழற்சி. அதில் கண் சிவக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். சிலருக்கு அதிக நோவில்லாமலே வந்துவிடும்.

வீட்டிலேயே இரண்டு விடயங்களைப் பார்க்கலாம். நித்திரை கொள்வது போல மெதுவாகக் கண்ணை மூடுங்கள். இடைவெளி தெரிகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். பிறகு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, 6 மீற்றர் தூரத்தில், அதாவது சுமார் 20 அடியில், ஒருவர் காட்டும் விரல்களை எண்ணுங்கள். மற்றக் கண்ணுக்கும் அப்படியே. எண்ண முடியாவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அது கடுமையான பார்வைக் குறைவு.

இமை மூடாமல் போய் ஆறு மாதத்துக்கு உட்பட்டதென்றால் குளிசையால் சீராக்க வாய்ப்புண்டு. அதனால் "முகாம் வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். கண் சிவந்தால் அன்றைக்கே போங்கள். பாமசியில் சொட்டு மருந்து வாங்கி நீங்களாகவே விடாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு, கருவிழிப் புண்ணை மோசமாக்கும். இமை சரியாக மூடாதவர்கள் வெளிவேலைக்குக் கண்ணாடி அணியுங்கள், படுக்கும்போது சுத்தமான துணியால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

கோளாறு எதுவும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் காட்டுவது நல்லது. மூதூர், கிண்ணியா பக்கம் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போய்த் துண்டு வாங்கலாம். மருந்தை முடித்தவரிடமிருந்து நோய் தொற்றாது. அதைக் காரணம் காட்டி வீடோ நிவாரணமோ மறுக்கப்படக் கூடாது. மேசையில் இருப்பவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கொப்பி இல்லையென்றால், எந்த வருடம், எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம் மருந்து எடுத்தீர்கள் என்று ஞாபகத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். அதை வைத்துப் புதுக் கொப்பி திறக்கலாம்.