உண்டியலை வைக்கும் முன் ஐந்தொகையை எழுதுங்கள்



கடை வாசலில் வந்து நிற்பவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் நம் தொழிலில் குறைவு. கோயில் கொடை, பள்ளிக்கூட விழா, வெள்ள நிவாரணம் என்று எதற்கு வந்தாலும் கல்லாவிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். இவற்றுள் நம் மனத்தை உடனே இளக்கிவிடுவது, நோயுற்ற ஒரு குழந்தையின் படம் ஒட்டிய உண்டியல். "வெளிநாட்டில் சிகிச்சை, இத்தனை லட்சம் தேவை" என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்க இடம் கொடுக்கிறோம். வாடிக்கையாளர்களும் மிச்சச் சில்லறையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு அந்தப் பணம் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கடைவீதியில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைவீதியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளையின் நான்கு வயது மகளுக்குப் பிறவியிலேயே ஒரு நோய். அதற்கான சிகிச்சை அயல்நாட்டில்தான் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே கூடினோம். மறுநாள் காலை 37 கடைகளில் உண்டியல் வைத்தாகிவிட்டது. இரண்டு ரசீதுப் புத்தகங்கள் அச்சடித்தோம். யார் கேட்டாலும் கொடுத்தார்கள். தள்ளுவண்டிக்காரர்கள்கூடக் கொடுத்தார்கள்.

ஏழாவது வாரத்தில், விசா வருவதற்குள், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு சென்னை மருத்துவமனையில் இறந்துபோயிற்று.

பத்து நாள்கூட ஆகவில்லை; டீக்கடையில் பேச்சு எழுந்துவிட்டது. "மிச்சப் பணம் என்ன ஆயிற்று? கணக்குப்பிள்ளை என்ன செய்தார்?" அதைக் கேட்டும் நம்மில் பலர் வாய் திறக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

காரியம் முடிந்த மறுநாள் அவரே சங்கத்துக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. நாங்கள் மூன்று தவணையாகக் கொடுத்தது 6,40,000 ரூபாய். அதில் மருத்துவமனைக்கும் மருந்துக்கும் பயணத்துக்கும் செலவு 2,18,450 ரூபாய். ஒவ்வொரு பில்லும் ஒட்டப்பட்டிருந்தது. ஆட்டோ வாடகைக்குக்கூடத் தேதி எழுதியிருந்தார். மீதி அப்படியே வங்கிப் புத்தகத்தில் இருந்தது. ஒரு காசு பிசகில்லை.

பிசகு எங்கள் பக்கத்தில்தான். 37 உண்டியலில் திரும்பி வந்தவை 34. ரசீதுப் புத்தகம் ஒன்றின் அடிக்கட்டை கிடைக்கவில்லை. பொருளாளர் எழுதிய பட்டியலுக்கும் செயலாளர் எழுதிய பட்டியலுக்கும் 32,000 ரூபாய் வித்தியாசம். யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் எடுக்கவில்லை என்று காட்டவும் எங்களிடம் காகிதம் இல்லை. மீதிப் பணத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார் அந்தத் தகப்பனார். அப்படிக் கொடுக்கவும் எங்களுக்குத் தீர்மானம் கிடையாது. சிலர் தாங்கள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். ஐந்து மாதம் கூட்டம் போட்டுத்தான் அது தீர்ந்தது.

தினமும் இரவு கல்லாவை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப்பார்த்த பிறகே கடையைச் சாத்துகிறவர்கள் நாம். ஒரு குழந்தைக்காக வாங்கிய பணத்துக்கு மட்டும் அந்த வழக்கத்தை ஏன் விட்டோம்? நல்ல காரியம்தானே என்ற நினைப்புத்தான் காரணம். நல்ல காரியத்துக்குத்தான் கணக்கு அதிகம் வேண்டும் என்று பிறகுதான் உணர்ந்தோம்.

பணம் சேர்ந்த இடங்களில் நடந்தவை

முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு என்ற நோயைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கான சோல்ஜென்ஸ்மா என்ற ஒருமுறை மட்டும் செலுத்தும் மரபணு மருந்துக்கு, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக, 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறிவிக்கப்பட்ட விலை 21,25,000 டாலர். "16 கோடி ரூபாய் ஊசி" என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். இங்கே குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக மருந்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள்.

2021 ஜூலையில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்காக 18 கோடி கேட்டார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது சேர்ந்துவிட்டது. போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்துக் கணக்கை முடித்தபோது 46 கோடிக்கு மேல் வந்திருந்தது. பெரும்பாலும் சிறு சிறு தொகைகள். மிகுதி அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்கு என்று சிகிச்சைக் குழு சொல்லிற்று. அதே மாதம், அதே கேரளத்தில், இன்னொரு குழந்தைக்கும் பல கோடி சேர்ந்தது. ஆனால் மருந்து வந்து சேருமுன் அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

2017-ல் இங்கிலாந்தில் சார்லி கார்ட் என்ற கைக்குழந்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் பெற்றோர் 13 லட்சம் பவுண்டு திரட்டினார்கள். அந்தச் சிகிச்சையால் பயனில்லை, குழந்தைக்குத் துன்பமே மிஞ்சும் என்றது மருத்துவமனை. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. பணம் இருந்தும் பயணம் நடக்கவில்லை. ஜூலை 28 அன்று, முதல் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், குழந்தை இறந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கேட்டதைவிட அதிகம் வரலாம். பணம் வந்தும் காலம் தவறலாம். பணமும் காலமும் இருந்தும் பயணம் நின்றுபோகலாம். வசூல் தொடங்கும் நாளில் இவை மூன்றில் எதையும் யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் அபசகுனம் என்று பேசுவதில்லை. பேசாமல் விட்டதன் பாரம் கடைசியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் தலையில்தான் விழுகிறது.

வெளிநாடு தேவைதானா?

வசூலுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. நமக்கு வெளிநாடு என்றால் அமெரிக்காவும் லண்டனும். லாகூரில் இருக்கும் ஒரு தகப்பனாருக்கு வெளிநாடு என்றால் பெங்களூர். 2003-ல் பாகிஸ்தானிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண் குழந்தைக்குப் பெங்களூரில் இருதய அறுவை சிகிச்சை நடந்தது. நம் நாட்டு மக்களே பணம் அனுப்பினார்கள். குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சை 1998 முதல் நம் நாட்டிலேயே நடக்கிறது. ஆகவே முதல் மருத்துவரோடு தொடர்பில்லாத இன்னொரு பெரிய மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் மிகவும் நல்லது.

அரசிடம் என்ன கிடைக்கும் என்றும் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை உண்டா என்று விசாரியுங்கள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. அதன்படி, குறிப்பிட்ட மையங்களில் சிகிச்சை பெறுபவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி தரலாம் என்று 2022-ல் உயர்த்தினார்கள். அந்தக் கொள்கையில் உள்ள நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்காக இறக்குமதி செய்யும் மருந்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல் சுங்க வரி விலக்கும் தரப்பட்டது. முன்பு ஒரே ஊசிக்கு வரி மட்டும் 6 கோடியைத் தொட்டது. ஒரு மனு எழுதிப் போட்டால் கிடைக்கக்கூடியதை உண்டியலில் தேட வேண்டியதில்லை.

பணத்தை எப்படி அனுப்புவது?

வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் அனுப்புவது பெற்றோர் பெயரில் நடப்பதுதான் எளிது. ரிசர்வ் வங்கித் திட்டப்படி தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதம் இருந்தால் சிகிச்சைக்காக அதற்கு மேலும் அனுப்ப வங்கி அனுமதிக்கும். இந்தச் சலுகை சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ கிடையாது. அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவிட்டால் வருமான வரி விலக்கிலும் சிக்கல் வரும். வங்கி பிடிக்கும் வரியையும் சேர்த்து, ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதேபோல, பெற்றோர் கணக்கில் போடும் பணத்துக்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை இல்லை. அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் உண்டு. அதிலும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம்மூர்க்காரர் ஆசையோடு அனுப்பினாலும், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெறாத சங்கம் அதை வாங்கக் கூடாது.

மதிப்பீட்டில் சிகிச்சைச் செலவு மட்டும் பார்த்தால் போதாது. உடன் செல்பவரின் டிக்கெட், மாதக்கணக்கில் தங்கும் வாடகை, சாப்பாடு, திரும்பி வந்த பிறகு தொடர வேண்டிய மருந்து ஆகியவற்றைச் சேர்த்தால்தான் உண்மைத் தொகை தெரியும். பாதியில் மீண்டும் உண்டியல் தூக்கினால் முன்பு கொடுத்தவர்களே சந்தேகப்படுவார்கள்.

முதல் நாளே எழுத வேண்டியவை

இப்போது எங்கள் கடைவீதியில் உண்டியல் வைக்குமுன் ஒரு பக்கத் தீர்மானம் எழுதிப் பெற்றோரும் மூன்று பொறுப்பாளர்களும் கையெழுத்திடுகிறோம். அதில் இருப்பவை இவைதான்.

எவ்வளவு தேவை, எந்தத் தொகையில் வசூலை நிறுத்துவோம்.

எந்த வங்கிக் கணக்கு; யார் யார் கையெழுத்து. கூடுமானவரை மருத்துவமனைக்கே நேராகச் செலுத்துவது.

உண்டியல்களுக்கு எண், எந்தக் கடையில் எது என்ற பட்டியல். சனிக்கிழமைதோறும் இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, தொகையைச் சங்கப் பலகையில் எழுதுவது. கியூ.ஆர். அட்டை ஒட்டினால், அது நம் கணக்குத்தானா என்று ஒரு ரூபாய் அனுப்பி வாரம் ஒருமுறை சரிபார்ப்பது. அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டிவிடும் கும்பலும் உண்டு.

பணம் மிஞ்சினால், பயணம் நின்றால், குழந்தைக்கு எதுவும் நேர்ந்தால், மீதி எந்தக் குழந்தைக்கு அல்லது எந்த அரசு மருத்துவமனைக்குப் போகும். கடைசியில் உள்ள இந்த வரியை எழுதும்போது கை தயங்கத்தான் செய்யும். எங்களுக்கும் தயங்கியது. பெற்றோரைத் தனியே உட்காரவைத்து, "இது உங்களைக் காப்பாற்ற எழுதுவது" என்று பெரியவர் ஒருவர் சொல்லட்டும். இதுவரை எந்தப் பெற்றோரும் மறுத்ததில்லை.

இந்தத் தீர்மானத்தின் நகல் ஒவ்வொரு உண்டியலிலும் ஒட்டப்படுகிறது. அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பத்து ரூபாய் போட வந்தவர் ஐம்பது போடுவதையும் பார்த்திருக்கிறோம். இந்த முறை வந்த பிறகு இரண்டு குழந்தைகளுக்கு வசூல் செய்தோம். ஒரு குழந்தை நலமாகத் திரும்பி இப்போது பள்ளிக்குப் போகிறது. மற்றொன்றுக்கு இங்கேயே சிகிச்சை முடிந்து, மீதித் தொகை எழுதியபடி மாவட்ட அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போயிற்று. டீக்கடையில் ஒரு பேச்சும் எழவில்லை.

அந்தக் கணக்குப்பிள்ளை இன்றும் அதே மண்டியில் இருக்கிறார். இரண்டு வசூலுக்கும் பேரேடு எழுதித் தந்தவர் அவர்தான். முன்பு நாங்கள் வாய் மூடி இருந்ததற்குச் சங்கக் கூட்டத்திலேயே அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊர்ச் சங்கமும் அடுத்த கூட்டத்திலேயே இதுபோல் ஒரு தீர்மானப் படிவத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உதவி கேட்டு ஒரு தகப்பனார் வந்து நிற்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுத அவகாசம் இருக்காது.