பந்துவீச்சிற் பிழை திருத்தும் முறை

தொல்காப்பியர் எழுத்துக்களின் பிறப்பைக் கூறப் புகுந்தவிடத்து, நாவையும் இதழையும் முதலிற் கூறினாரல்லர். உந்தியினின்று எழுங் காற்று, தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வேறு வேறு ஒலியாகின்றது என்பதே அவர் கண்ட முறை. ஒலி கேட்பது வாயிலே. அது தொடங்குவது உந்தியிலே. பகலில் வகுப்பறையிலே தமிழையும், மாலையில் மைதானத்திலே இளைய கிரிக்கெற் அணியையும் கவனிக்குங் கடமையுடைய ஆசிரியனுக்கு இவ்வுண்மை ஈரிடத்தும் உதவுவதாகும். பந்து விடுபடுவது விரல் நுனியிலே. வீச்சுத் தொடங்குவது பாதத்திலே.

ழகரம் வராத மாணவனை நோக்கி, ‘சரியாகச் சொல், சரியாகச் சொல்’ என்று நூறுமுறை ஏவினும் அவன் நூறுமுறையும் ளகரத்தையே சொல்லுவான். நாநுனி எவ்வாறு மேலே வளையவேண்டும் என்று காட்டினாலன்றி அவனுக்கு வழியில்லை. அவ்வாறே, பந்து இலக்குத் தவறிப் போகும் இளைஞனை நோக்கி, ‘நேரே போடு’ என்று கூவுதலாற் பயனில்லை. அவன் நேரே போடவே விரும்புகிறான். அவ்விருப்பத்திற்கு உடல் இசையாமைக்குக் காரணம் யாதென ஆராய்தலே நம் கடமை.

வேகப்பந்து வீசுவோன் ஓடிவந்து துள்ளிப் பின்காலை ஊன்றுகிறான். அடுத்து முன்காலை ஊன்றுகிறான். பின்னர் இடுப்பும் தோளும் திரும்பக் கை சுழன்று பந்தை விடுகின்றது. முன்கால் நிலத்தில் ஊன்றுங் கணத்தில் உடல் நிறையின் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட விசையும் காலின்வழி மேலேறக்கூடும். அவ்விசையைத் தாங்குவதில் நாரிக்குப் பெரும் பங்குண்டு.

வலக்கையாளன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் நிற்கும் நிலை பெரும்பாலும் இருவகைப்படும். பின்பாதம் வீச்சுக் கோட்டுக்கு இணையாக விழ, இடத்தோள் துடுப்பாட்டக்காரனை நோக்க, இடக்கையின் வெளிப்புறமாகப் பார்த்து வீசுதல் பக்க நிலை. பாதவிரல்களும் மார்பும் துடுப்பாட்டக்காரனை நோக்க, இடக்கையின் உட்புறமாகப் பார்த்து வீசுதல் முக நிலை. இரண்டும் நல்லனவே, இவற்றுக்கு இடைப்பட்ட நிலையும் நன்றே. தீயது கலப்பு நிலை ஒன்றேயாம். பாதமும் இடுப்பும் முன்னோக்கி நிற்கத் தோள் மட்டும் பக்கமாகத் திருகி, மறுகணமே விரைந்து மீளுகின்றது. இடுப்பு ஒரு திசையும் தோள் மறுதிசையுமாக இழுக்க, இடைநின்ற முள்ளந்தண்டு பிழிந்த துணிபோல முறுகுகின்றது. முன்காலின் விசை வந்து தாக்குவதும் அந்நேரத்திலேயே.

இதனால் நாரிப் பகுதியின் கீழுள்ள நான்காம், ஐந்தாம் முள்ளென்புகளில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாதல் கூடும். அது பெரும்பாலும் வீசுங் கைக்கு எதிர்ப்பக்கத்திலேயே தோன்றும். வளரும் பருவத்தில் என்பு முற்றாக உறுதிபெறாமையால், 13 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கே இவ்வாபத்து மிகுதி. அவுஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973ஆம் ஆண்டில் இத்தகைய முள்ளென்பு முறிவுக்கு ஆளானார். நெடுங்காலம் ஓய்ந்து, உடலை உரமாக்கி, வீச்சையுந் திருத்திக்கொண்டு 1974ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டு, முடிவில் 355 டெஸ்ற் விக்கெற்றுக்களை வீழ்த்தினார். அவருக்குக் கிடைத்த மருத்துவ உதவி நம் கிராமத்துப் பிள்ளை ஒவ்வொருவனுக்குங் கிடைக்குமென்று சொல்லுதற்கில்லை. ஆதலால் வருமுன் காத்தலே நமக்கு உரியது.

திருத்தப் புகுவோன் பிழையையும் தனித்தன்மையையும் பிரித்தறிதல் வேண்டும். லசித் மாலிங்க கையைத் தோளின் உயரத்திற்குத் தாழ்த்திச் சுழற்றி வீசினார். பாடநூல்களிற் காணாத அவ்வீச்சினாலேயே 2007ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நால்வரை வீழ்த்தினார். கை தாழ்தல் விதிக்கு மாறன்று. கை தோள்மட்டத்தை அடைந்தபின் பந்தை விடும்வரை, மடங்கிய முழங்கை நிமிர்தலே ‘எறிதல்’ எனப்படும். முத்தையா முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. 1995 டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேணில் நடுவர் ஒருவர் அவர் எறிகிறார் எனக்கொண்டு ஏழு பந்துகளை முறையற்றவை என அறிவித்தார். ஆய்வுகூடங்களில் அவர் வீச்சுப் பன்முறை அளக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு முதல், எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கை 15 பாகைவரை நிமிரலாம் எனச் சர்வதேசச் சபை வரையறுத்தது. 2010ஆம் ஆண்டு காலியில் 800ஆவது விக்கெற்றோடு அவர் டெஸ்ற் ஆட்டத்தினின்று விடைபெற்றார். எனவே, புதுமையாகத் தோன்றுவதெல்லாம் பிழையென்று முறித்துவிடலாகாது. உண்மையில் எறிகின்றவனை அன்புகாரணமாக மறைத்தலும் ஆகாது. மறைத்தால், பின்னொருநாள் பலர்முன் அவன் பெயர் கெடும்.

இனிப் பிழை காணும் முறை கூறுவாம். முதலிற் பந்தைப் பாராதிருத்தல் வேண்டும். பின்னிருந்து ஒருமுறை, பக்கத்தில் நின்று ஒருமுறை, வலைக்கு அப்பால் எதிரே நின்று ஒருமுறை என மும்முறை பார்த்தல் நன்று. இக்காலத்துக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து மெல்ல ஓடவிட்டால், கண்ணுக்குத் தப்பியதும் புலனாகும். பின்பாதம், முன்பாதம், இடுப்பு, தோள், தலை, முன்கை என்னும் ஒழுங்கிலே கீழிருந்து மேலாக நோக்குக. வீச்சுக் கோட்டின்மேற் சிறிது மணல் தூவி வைத்தால் அடிச்சுவடே சான்று கூறும். முன்பாதம் பின்பாதத்தின் நேரைக் கடந்து குறுக்கே விழுந்தால் இடுப்புத் திரும்ப இடமின்றி அடைபடும், கை உடலைச் சுற்றிக்கொண்டு வரும், பந்து விலகும். தலை ஒருபுறம் சாய்தலுக்குப் பெரும்பாலுங் காரணம், முன்கை உடலை ஒட்டிக் கீழிறங்காமற் பக்கவாட்டில் வீசப்படுதலேயாம்.

திருத்துங்கால், பாதம் இயல்பாக விழும் திசையை வைத்துக்கொண்டு, தோளை அதற்கு இசைவித்தல் பெரும்பாலும் எளிது. முதல் வாரம் ஓட்டமே வேண்டா. நின்ற நிலையில், துடுப்பாட்டக்காரன் இல்லாமல், நாலைந்து பாகத் தொலைவில் நிற்கும் தோழனுக்கு மெல்ல வீசட்டும். அது படிந்தபின் இரண்டடி நடந்து வீசுக. பின்னர் அரை ஓட்டம். முடிவிலே முழு ஓட்டம். வேகம் கடைசியாக வரவேண்டிய விருந்தினன். ஒருநாளைக்கு ஒரு திருத்தத்திற்கு மேற் சொல்லலாகாது. ‘தலையை நிமிர்த்து, காலை நீட்டு, கையை உயர்த்து’ என மூன்றையும் ஒருங்கே கேட்ட பிள்ளை ஓடிவரவே மறந்துவிடுவான். கோட்டைத் தாண்டி மிதிப்பவனுக்கோ, கோட்டிலிருந்து எதிர்த்திசையில் ஓடச்செய்து, துள்ளி வீசும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து தொடங்குமாறு அளந்து கொடுத்தால் அதுவே போதும்.

இவையனைத்தும் போட்டிக் காலம் முடிந்தபின் செய்யத்தக்கவை. பயிற்சிக்கும் அளவுண்டு. 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளன் தொடர்ந்து 6 ஓவருக்கும், ஒரு நாளில் 12 ஓவருக்கும் மேல் வீசலாகாது என இங்கிலாந்துச் சபை வழிகாட்டியது. விக்கெற் வீழ்த்துகின்றான் என்பதற்காக ஒரே சிறுவனை நாள்முழுதும் வீசவைத்தல், காய்க்கும் இளமரத்தின் கிளையை முறித்தல் போலும். நாரியின் ஒருபக்கத்திலே, முதுகைப் பின்னே வளைக்கும்போது நோவு தோன்றுமாயின், அன்றே பந்தை வாங்கி வைத்துவிட்டு வைத்தியரிடம் அனுப்புக. எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் வீசச் செய்தல் பெருந்தீங்கு.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீச்சை மாற்றிக்கொள்ளும் பிள்ளை முதலிற் கெட்டுப் பின்னரே திருந்துவான். சில வாரங்கள் அவன் பந்து அகன்று போகும், வேகம் குறையும், எதிரணிக்கு ஓட்டங்கள் சேரும். அவ்வேளையில் எல்லைக்கோட்டின் ஓரத்தில் மரநிழலில் இருந்து, ‘இன்னும் வேகமாகப் போடு’ என்று நீங்கள் அன்பினாற் கூவும் ஒரு சொல், ஆசிரியன் ஒரு மாதம் பாடுபட்டு இசைவித்த தோளை மீண்டும் திருகிவிடும். உங்கள் குரலை அப்பிள்ளை எங்கள் குரலினும் பெரிதாக மதிக்கிறான். ஆதலால், அகன்றுபோன பந்துக்கும் ஒருமுறை கைதட்டுங்கள். கல்லூரி இவ்வாண்டு ஓர் ஆட்டத்தில் தோற்கலாம். ஆயின் அவன் முப்பது வயதிலும் முதுகு நிமிர்ந்து நின்று, தன் மகனுக்குப் பந்து வீசுவான்.