படகு பேட்டரி ஏன் சீக்கிரம் சாகிறது? சார்ஜர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வைக்கம் என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது 1924-ம் ஆண்டுப் போராட்டமும் பெரியாரும்தான். படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஊர் இன்னொரு விஷயத்துக்காகவும் தெரியும். 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே, வேம்பநாட்டுக் காயலில் 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. 75 பேர் போகக்கூடிய, நாட்டின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோவும் வந்துவிட்டது. இந்தப் படகுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் பேட்டரியைப் பற்றிப் பேசுகிறோம். சார்ஜரை யாரும் கண்டுகொள்வதில்லை.

பெரிய படகுகளுக்கு அதைப் பார்த்துக்கொள்ள இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். மீன்பிடிப் படகு, ஆலப்புழை ஹவுஸ்போட், நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிய சுற்றுலாப் படகு ஆகியவற்றுக்கு யார் இருக்கிறார்கள்? இன்ஜினை ஸ்டார்ட் செய்வது, விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாமே 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான். நடுத் தண்ணீரில் அது கைவிட்டால் இன்ஜினும் கிளம்பாது, உதவிக்குக் கூப்பிடவும் முடியாது. தள்ளி ஸ்டார்ட் செய்ய அது பைக் இல்லை.

கரையிலா, படகிலா?

கொச்சி வாட்டர் மெட்ரோவில் சார்ஜர் கரையில் இருக்கிறது. படகு முனையத்தில் நிற்கும் சில நிமிடங்களிலேயே வேகமாக மின்சாரம் ஏற்றிக்கொள்ளத் தோதான லித்தியம் டைட்டனேட் பேட்டரிகள் அதில் உள்ளன. சிறிய படகுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் சார்ஜரையே படகுக்குள் நிரந்தரமாகப் பொருத்திவிடுவார்கள். இதுதான் ஆன்போர்டு சார்ஜர். படகுத்துறையில் இருக்கும் 230 வோல்ட் இணைப்பிலிருந்து ஒரு கேபிளை இழுத்துச் செருகினால் போதும். மின்சாரக் காரில் வீட்டு பிளக்கிலிருந்து சார்ஜ் போடும்போது காருக்குள் இருக்கும் சார்ஜர் செய்கிற அதே வேலை.

'இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுமே, அப்புறம் எதற்கு இது?' என்று கேட்கலாம். பண்ணும், ஆனால் முழுதாக நிரப்பாது. லெட் ஆசிட் பேட்டரியில் கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். அரை மணி நேரச் சவாரியில் அது நடக்காது. பாதி நிறைந்த நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பேட்டரி பழைய அளவுக்குத் திரும்பாது. 'ரெண்டு வருஷம்கூட வரல' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

ஒர்க்‌ஷாப் சார்ஜர் போதாதா?

போதாது என்பது என் கருத்து. பழைய வகை சார்ஜருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிட்டால், பேட்டரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் வெளியேறும். மூடிய அறையில் காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். படகில் பேட்டரி இருக்கும் இடம் பெரும்பாலும் காற்றோட்டமே இல்லாத ஒரு பொந்துதான்.

நல்ல ஆன்போர்டு சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும். முதலில் முழு வேகத்தில் ஏற்றும். அடுத்து 14.4 வோல்ட் அளவில் நிறுத்தி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். நிறைந்ததும் 13.5 வோல்ட் பக்கம் இறங்கி, பராமரிப்பு மட்டும் செய்யும். வெயிலும் இதில் விளையாடும். லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.018 வோல்ட் குறைக்க வேண்டும். இன்ஜின் பக்கத்தில் 40 டிகிரி என்றால் 14.4 அல்ல, 14.1 தான் சரி. அதனால் வெப்ப சென்சார் உள்ள சார்ஜருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு இல்லை, நம் ஊர் வெயிலுக்கு அது அவசியம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுகிறீர்களா? அப்படியென்றால் அதற்கென்று தனி செட்டிங் உள்ள சார்ஜர்தான் வேண்டும். பழைய பேட்டரியை மீட்க 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் 'ரிப்பேர் மோட்' லித்தியத்துக்கு ஆகாது. அதன் உச்சவரம்பு 14.6 வோல்ட். இன்னொன்று, இந்த வகை பேட்டரியைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. கேரளத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்ரீநகர் டால் ஏரியில் படகு வைத்திருப்பவர் ஜனவரியில் கவனமாக இருக்க வேண்டும்.

எத்தனை ஆம்பியர்?

பேட்டரி அளவில் 10 முதல் 20 சதவீதம் என்பது லெட் ஆசிட் பேட்டரிக்குப் பாதுகாப்பான வரம்பு. 100 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் 10 முதல் 20 ஆம்பியர். அதில் பாதி, அதாவது 50 ஆம்பியர் அவர், செலவாகிவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்பியர் சார்ஜரில் 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5 மணி நேரம். கடைசிக் கட்டம் மெதுவாகப் போவதால் நடைமுறையில் 7, 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் படகில் விளக்கும் ஃபேனும் 4 ஆம்பியர் இழுத்தால் பேட்டரிக்கு மிஞ்சுவது 6 தான். காலையில் சவாரி இருந்தால் இந்தக் கணக்கு இடிக்கும்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். 'இரண்டு பேங்க், 20 ஆம்பியர்' என்றால் பல மாடல்களில் ஒரு பேட்டரிக்கு 10 என்றுதான் அர்த்தம்.

கரண்ட் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். 10 ஆம்பியர் சார்ஜர் இழுப்பது சுமார் 170 வாட், மிக்ஸியைவிடக் குறைவு. பாதி காலியான அந்த பேட்டரியை நிரப்ப ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும்.

தண்ணீரும் மின்சாரமும்

விலை பேசும்போது எல்லோரும் தாண்டிப்போகிற இடம் இதுதான். கேபிளிலோ சார்ஜரிலோ கசிவு இருந்தால் மின்சாரம் தண்ணீருக்குள் இறங்கும். உப்புநீரைவிட நன்னீரில்தான் இது நீந்துபவருக்கு அதிக ஆபத்து. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் பெரும்பகுதி அதன் வழியாகவே போய்விடும். நன்னீரைவிட மனித உடல் நல்ல கடத்தி என்பதால் அங்கே உடல் வழியாகப் பாயும். தண்ணீர்முக்கம் தடுப்பணை உப்புநீரைத் தடுப்பதால், கோடை மாதங்களிலும் அதற்குத் தெற்கே உள்ள ஆலப்புழைப் பகுதிக் காயலில் உப்பு குறைவு. துறை இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால், சார்ஜர் வாங்குவதற்கு முன்னால் அதைப் போடுங்கள்.

எர்த் வயரைத் துண்டித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை: ஒரே எர்த்தில் இணைந்த பக்கத்துப் படகுகளின் உலோகங்கள் தண்ணீருக்குள் பேட்டரி மாதிரி செயல்பட்டு, புரொப்பெல்லரை அரிக்கும். அதற்குத் தீர்வு கால்வானிக் ஐசோலேட்டர் என்ற சிறிய கருவி. எர்த்தை வெட்டுவது உயிரோடு விளையாடுவது.

பொருத்தும்போது சார்ஜரை பேட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். ஆசிட் ஆவி அதை அரித்துவிடும். பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். நீர்புகாத் தரம் ஐ.பி.67 என்றால் நல்லது. தினமும் சார்ஜ் போடும்போது கேபிளை முதலில் படகில் செருகுங்கள், பிறகு கரையில் செருகி சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது நேர் எதிர்: சுவிட்சை அணைத்து, முதலில் கரை முனை, கடைசியில் படகு முனை. அப்போது கை தவறி கேபிள் தண்ணீரில் விழுந்தாலும் அதில் மின்சாரம் இருக்காது.