பாரீசில் ஓட்டல் திறக்கப் போறீங்களா? லைசென்சு விஷயத்தில் உஷார்!

புதுச்சேரி:
புதுவையில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். 1962 ஆகஸ்டு 16-ந்தேதி இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது அந்த குடியுரிமையை விடாமல் வைத்துக் கொண்டவர்களின் வாரிசுகள் இவர்கள். தமிழ் கடைகள் நிறைந்த பாரீஸ் லா ஷப்பேல் பக்கம் சொந்தமா ஓட்டல் வைக்கணும்னு கிளம்புறவங்களும் உண்டு.

இட்லி, தோசை, காபி மட்டும் என்றால் மதுபான லைசென்சு வேண்டாம். ஆனால் ஒருவராவது 14 மணி நேர உணவு சுகாதார பயிற்சியோ, அதற்கு ஈடான தகுதியோ பெற்றிருக்க வேண்டும்.

சிக்கல் 'சரக்கு' வைக்கும்போதுதான். சாப்பாட்டோடு ஒயின், பீர் தர 'சின்ன ரெஸ்டாரண்ட் லைசென்சு' போதும். விஸ்கி, பிராந்தி என்றால் முழு ரெஸ்டாரண்ட் லைசென்சு. இரண்டிலும் சாப்பிடாமல் வெறுமனே குடிக்க வருபவருக்கு ஊற்றக்கூடாது. அப்படி 'பார்' நடத்த 3 அல்லது 4-ம் நம்பர் லைசென்சு வேண்டும். 4-ம் நம்பர் பெரும்பாலும் புதிதாக கிடைக்காது. ஏற்கனவே இருப்பதை விலைக்கு வாங்கணும். ஓட்டலுக்கு இது தேவையே இல்லை. விவரம் தெரியாமல் வாங்கினால் பணம் போச்சு!

எதுவானாலும் முதலில் 20 மணி நேர பயிற்சி முடிக்க வேண்டும். அதற்கான சான்று 10 ஆண்டு செல்லும். பிறகு, திறப்பதற்கு 15 நாள் முன்பே நகராட்சியில் தெரிவிக்கணும். நம்மூர் போல கலால் துறை கிடையாது. பாரீசில் மட்டும் போலீஸ் தலைமையகம்.

'பார்' லைசென்சை விலைக்கு வாங்குபவர்கள் அது கடைசியாக எப்போது பயன்பாட்டில் இருந்தது என்று கேட்க வேண்டும். 5 ஆண்டுக்கு மேல் சும்மா கிடந்தால் காலாவதியாகி விடும்.